ஹாம்பர்க் ஃபேக்ஸ் வந்தது, வீரபாண்டி ஃபேக்ஸ் வரவில்லை: ஒரே லைனைப் பங்கிட்ட ஒரு வீடு

திருப்பூருக்கும் அவிநாசிக்கும் இடையில், பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு தோட்டத்து வீடு. வீட்டை ஒட்டிய கொட்டகையில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி: ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்கள், ஒரு கட்டிங் மேசை, ஒரு செக்கிங் மேசை. காலம் 2005-ஐ ஒட்டியது. வீட்டுக்கும் கம்பெனிக்கும் சேர்த்து ஒரே ஒரு தொலைபேசி லைன். கூடத்தில் ஒரு போன், ஆத்தாவின் அறையில் இணைப்பாக ஒரு பழைய சுழல் போன், கொட்டகையின் முன்னறையில் ஃபேக்ஸ் மெஷின். மூன்றும் ஒரே ஜோடிக் கம்பியில் தொங்கின.

இன்டர்காமும் சிறு பி.பி.எக்ஸ். பெட்டிகளும் (ஒரு கட்டடத்துக்குள்ளேயே போன்களை இணைக்கும் குட்டி எக்ஸ்சேஞ்ச்) பொருத்துவது என் தொழில். அந்த வீட்டு அண்ணன் என்னை அழைத்தது, ஓர் ஆர்டர் கெட்டுப்போகவிருந்து தப்பிய பிறகு. ஹாம்பர்க்கில் இருக்கும் வாங்குநர் திருத்திய அளவுப் பட்டியலை முந்தைய மாலை ஃபேக்ஸில் அனுப்ப முயன்றிருக்கிறார். தாள் வரவில்லை. மறுநாள் பழைய அளவிலேயே துணியை வெட்டுவதற்கு மார்க்கர் (வெட்டு வரைதாள்) விரித்துவிட்டார்கள். நகரத்து பையிங் ஆபீஸிலிருந்து ஒருவர் வேறு விஷயமாகப் பேசும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டதால்தான் விவரம் தெரிந்தது.

தாள் ஏன் வரவில்லை என்பதற்குக் கடிகாரத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஜெர்மனி குளிர்காலத்தில் நம்மைவிட நான்கரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அங்கே காலை 9 மணிக்கு ஆபீஸ் திறக்கும்போது குளிர்காலத்தில் இங்கே பகல் 1.30. அங்கே மாலை 5 மணிக்கு மேசையைச் சுத்தம் செய்துவிட்டு அன்றைய கடைசி ஃபேக்ஸை அனுப்பும்போது இங்கே இரவு 9.30. இந்த வீட்டில் சாப்பாடு முடிந்து, பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்த மகளோடு அக்கா பேச உட்காரும் நேரமும் அதுதான். பேச்சு இல்லாத வேளையில் மணி அடித்தால் ஆத்தா எடுத்துவிடுவார். "போனில் ஏதோ கிளி கத்துகிறது கண்ணு. ஒரு 'கீ', அப்புறம் மூச்சு விடும் நேரம் சும்மா இருக்கிறது, மறுபடி ஒரு 'கீ'. நான் வைத்துவிடுவேன்" என்றார் என்னிடம்.

இதைவிடத் துல்லியமாக ஒரு கோளாறை எனக்கு யாரும் விவரித்ததில்லை. தானாக எண்ணைச் சுழற்றி அழைக்கும் ஃபேக்ஸ் மெஷின், தான் மெஷின் என்று சொல்லிக்கொள்ள 1100 ஹெர்ட்ஸ் ஒலியை அரை விநாடி எழுப்பும், மூன்று விநாடி நிறுத்தும், மறுபடி எழுப்பும். அழைப்பொலி என்பது இதுதான். எடுக்கும் மெஷின் அதற்குப் பதிலாக 2100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒரு முறை கூவும். அது மூன்று விநாடி அளவு நீடிக்கும். அதற்குப் பிறகுதான் இரண்டும் தாளைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும். ஆத்தா கேட்டது அழைப்பொலி. அவர் வைத்ததும் ஹாம்பர்க் மெஷின் தோல்வி என்று குறித்துக்கொண்டது.

கைவசம் இருந்த வழிகள்

இரண்டாவது லைன்தான் சுத்தமான தீர்வு. ஆனால் வீடுகளுக்குக் கம்பி பிரியும் அந்தப் பகுதி டி.பி. பெட்டியில் காலி ஜோடி இல்லை என்று லைன்மேன் சொல்லிவிட்டார். கிடைத்தாலும் மாத வாடகை இரட்டிப்பாகும் என்பது அண்ணனின் கணக்கு.

அடுத்தது ஃபேக்ஸ் மெஷினுக்குள்ளேயே இருக்கும் தானியங்கி முறை. மெஷின் தானே அழைப்பை எடுத்து, அழைப்பொலி இருக்கிறதா என்று கேட்டு, இல்லாவிட்டால் மனிதர்களைக் கூப்பிடும். இது இந்த வீட்டுக்கு ஒத்துவராது. மெஷின் எடுத்துவிட்ட பிறகு எக்ஸ்சேஞ்ச் மணி நின்றுவிடும். அதன்பின் மெஷின் தன் ஒலிபெருக்கியில் மட்டும்தான் கூவும். கொட்டகையில் பூட்டிய அறைக்குள் அது கூவுவது கூடத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது. ஃபேக்ஸும் போனும் ஒரே மேசையில் இருக்கும் வீட்டுக்குத்தான் அந்த வசதி.

ஆகவே தனி ஃபேக்ஸ் சுவிட்ச். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. பின்புறம் லைன், போன், ஃபேக்ஸ் என்று மூன்று துளைகள். சென்னை ரிச்சி தெருவில் கிடைத்த அமெரிக்கத் தயாரிப்பு. அதனுடன் வந்த அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230-ல் செருகினால் அடுத்த நொடி புகைதான். அதே நேர்மின் அழுத்தமும் அதே முனைத் திசையும் உள்ள உள்ளூர் அடாப்டரை முதலில் மாற்றினேன்.

சுவிட்ச் என்ன செய்கிறது

வெளியிலிருந்து மணி வந்ததும் பெட்டியே அழைப்பை எடுத்துக்கொள்கிறது. அழைத்தவருக்குப் பொய்யாக ஒரு மணியோசையைக் கேட்க வைத்துவிட்டு, பின்னணியில் 1100 ஹெர்ட்ஸுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. ஒலி கேட்டால் ஃபேக்ஸ் துளைக்கு மணி மின்சாரத்தை அனுப்பும். கேட்காவிட்டால் போன் துளைக்கு அனுப்பும். குழந்தையின் குரலோ பின்னணிப் பாட்டோ தற்செயலாக அதே சுருதியில் விழலாம் என்பதால், நல்ல சுவிட்ச் ஒரே ஒரு ஒலியை நம்பாது. இரண்டு முறை கேட்டுத்தான் முடிவெடுக்கும். ஒலியும் இடைவெளியும் சேர்ந்து மூன்றரை விநாடி என்பதால், இரண்டு முறை கேட்க ஏழு விநாடிவரை ஆகலாம்.

இந்த ஏழு விநாடியை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பல வீடுகளில் காரியம் கெடுகிறது. நம் எக்ஸ்சேஞ்ச் மணியின் ஒரு சுற்று மூன்று விநாடி: 0.4 விநாடி அடித்து, 0.2 நின்று, மறுபடி 0.4 அடித்து, 2 விநாடி ஓய்வு. 'ட்ரிங்-ட்ரிங்' என்று இரட்டையாகக் கேட்பது அதனால்தான். இரண்டாவது மணியில் சுவிட்ச் எடுத்தால் ஆறு விநாடி போயிற்று, கேட்க ஏழு. பிறகு சுவிட்ச் ஃபேக்ஸுக்கு அடிக்கும் மணி அமெரிக்கச் சுற்று, இரண்டு விநாடி அடித்து நான்கு விநாடி ஓய்வு. ஃபேக்ஸ் மெஷின் நான்கு மணிக்குப் பிறகே எடுக்கும்படி வைக்கப்பட்டிருந்தால், அங்கே மட்டும் இருபத்துநான்கு விநாடி ஓடிவிடும். அழைக்கும் மெஷின் எதிர்முனையின் பதிலுக்குச் சுமார் 35 விநாடிதான் காத்திருக்கும். ஐந்து விநாடி கூடலாம், குறையலாம். ஆகவே ஃபேக்ஸ் மெஷினை ஒரே மணியில் எடுக்கும்படி மாற்றினேன். மெஷின் நல்ல நிலையில், சுவிட்ச் நல்ல நிலையில், ஆனால் ஃபேக்ஸ் மட்டும் வராத வீடுகளில் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

இணைப்பு வரிசையில் ஒரே கட்டளை: சுவரில் வெளிக்கம்பி வந்து முடியும் சின்னப் பெட்டியான ரொசெட்டிலிருந்து லைன் நேராக சுவிட்சுக்குள் போக வேண்டும்; வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் சுவிட்சுக்குப் பின்னால்தான் வர வேண்டும். ஆத்தாவின் அறைப் போன் கூரை வழியாக நேரடியாக ரொசெட்டிலிருந்து இழுக்கப்பட்டிருந்தது. அதை அப்படியே விட்டால், சுவிட்ச் எடுப்பதற்கு முன் ஆத்தா எடுத்துவிடுவார். பாதித் தாள் வந்துகொண்டிருக்கும்போது அவர் எடுத்தால் மீதித் தாள் கிழிந்த மாதிரி நின்றுவிடும். அந்தக் கம்பியை வெட்டி, சுவிட்சின் போன் துளையிலிருந்து புதிதாக இழுத்தேன். அழைப்புக் காத்திருப்பு வசதியையும் எக்ஸ்சேஞ்சில் சொல்லி நிறுத்தச் செய்தோம். தாள் ஓடும்போது இடையில் ஒரு 'பீப்' விழுந்தால் போதும், இணைப்பு குலைந்துவிடும்.

அன்று இரவே ஹாம்பர்க்கிலிருந்து அளவுப் பட்டியல் வந்தது. யாரும் எழுந்து போகவில்லை, கூடத்துப் போன் முனகக்கூட இல்லை. அண்ணன் காலையில் கொட்டகையைத் திறந்தபோது தாள் தட்டில் கிடந்தது.

வீரபாண்டிச் சிக்கல்

அடுத்த வாரமே புகார் வந்தது. வெளிநாட்டுத் தாள்கள் எல்லாம் ஒழுங்காக வருகின்றன. பக்கத்தில், வீரபாண்டிப் பக்கம் இருக்கும் சாயப்பட்டறையிலிருந்து அனுப்பும் டெலிவரி விவரம் மட்டும் ஒருமுறைகூடத் தானாக வரவில்லை. சுவிட்சைக் கழற்றி எறிந்துவிடலாம் என்ற மனநிலைக்கு அக்கா வந்திருந்தார். அந்த அழைப்புகள் எல்லாம் கூடத்துக்கு வருகின்றன. எடுத்தால் ஒரு பையன், "ஏனுங்க அக்கா, ஃபேக்ஸ் டோன் கொடுங்கள்" என்கிறான். இவர் கொட்டகைக்கு ஓட வேண்டும்.

திருப்பூரில் ஃபேக்ஸ் அனுப்பிய எவருக்கும் இந்த வாக்கியம் தெரிந்திருக்கும். பட்டறைப் பையன் ரிசீவரைக் கையில் எடுத்து, எண்ணைச் சுழற்றி, எதிர்முனையில் ஒரு மனிதக் குரலைக் கேட்டு, "டோன் கொடுங்கள்" என்று சொல்லி, அந்த நீளமான கூவல் கேட்டபிறகுதான் பச்சைப் பொத்தானை அழுத்துவான். இப்படி அனுப்பும்போது அவனுடைய மெஷின் அழைப்பொலியை எழுப்புவதே இல்லை. சுவிட்சைப் பொறுத்தவரை அது ஒரு மனிதர் பேச அழைத்த அழைப்பு. அது சரியாகவே தரம் பிரித்தது. அதற்குக் கிடைத்த தகவல்தான் அவ்வளவு.

ஃபேக்ஸ் சுவிட்ச் வாங்க நினைக்கிறவர்களிடம் இதனால்தான் நான் பெட்டியின் விலையையும் மாடலையும் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு தாளைக் கொடுத்து, உங்களுக்கு யார் யார் ஃபேக்ஸ் அனுப்புகிறார்கள், கையில் ரிசீவரோடு அனுப்புகிறார்களா, மெஷினே அழைக்கிறதா என்று எழுதச் சொல்கிறேன். அந்தப் பட்டியலில் ரிசீவர்காரர்கள் அதிகம் இருந்தால், எந்த விலை சுவிட்ச் வாங்கினாலும் வீட்டார் எழுந்து ஓடத்தான் வேண்டும்.

பட்டறைப் பையன்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் பழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. தெர்மல் ரோல் தீர்ந்துபோன மெஷினுக்கு அனுப்பி, வந்துவிட்டது என்று நம்பி, துணி போய்ச் சேர்ந்தபிறகு எடைக் கணக்கில் சண்டை வந்த அனுபவம் எல்லாப் பட்டறைகளிலும் உண்டு. எதிர்முனையில் ஒரு ஆள் இருக்கிறார் என்று குரலைக் கேட்டு உறுதிசெய்துகொள்வது அவனுக்குக் காப்பு.

இரண்டு பக்கமும் வேலை செய்தோம். சுவிட்சில் ஒரு கைமாற்றுக் குறி உண்டு: போனை எடுத்துப் பேசியவர் நட்சத்திரக் குறியையும் ஓர் எண்ணையும் அழுத்தினால், அழைப்பு ஃபேக்ஸ் துளைக்குத் தாவும். அக்காவிடம் இதைச் சொல்லிக்கொடுத்தேன். அழுத்தினார், எதுவும் நடக்கவில்லை. கூடத்துப் போனைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் 'டி', 'பி' என்று எழுதிய சின்ன நகர்வு பொத்தான் 'பி'யில் இருந்தது. பழைய பல்ஸ் முறை. அந்த நிலையில் பொத்தானை அழுத்தினால் லைன் விட்டுவிட்டுத் துடிக்குமே தவிர, சுவிட்ச் எதிர்பார்க்கும் இரட்டைச் சுருதி எழாது. நகத்தால் 'டி'க்குத் தள்ளியதும் கைமாற்று வேலை செய்தது. ஆத்தாவின் சுழல் போனில் இது முடியாது என்பதால், அவருக்கு ஒரு மலிவான பொத்தான் போன் வாங்கிக் கொடுத்தார்கள். எண்கள் சின்னதாக இருக்கின்றன என்பது அவருடைய நீடித்த குறை.

பட்டறையில் போய், அவர்களுடைய மெஷினில் இந்த வீட்டு எண்ணை ஒரே பொத்தானில் பதிந்துவிட்டேன். தாளை வைத்து, ரிசீவரைத் தொடாமல், அந்தப் பொத்தானை மட்டும் அழுத்தினால் மெஷினே அழைக்கும், அழைப்பொலியும் எழும். அனுப்பி முடித்ததும் அச்சாகி வரும் உறுதிச் சீட்டில் 'சரி' என்று இருந்தால் தாள் சேர்ந்துவிட்டது என்று பையனுக்குக் காட்டினேன். சீட்டை அவன் கோப்பில் குத்தி வைக்கத் தொடங்கினான். அதன்பின் வீரபாண்டி அழைப்புகள் பெரும்பாலும் கொட்டகைக்கே போயின. அவன் விடுப்பில் இருக்கும் நாட்களில் மட்டும் பழைய குரல் கேட்கும்.

ஒரு ரூபாய் நாணயமும் வேன் ஓட்டுநரும்

இந்தச் சிக்கலை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிவரும் வேன் சேவூர்ப் பக்கத்திலிருந்து புறப்படும்போது, ஓட்டுநர் அங்கிருக்கும் நாணயப் போனிலிருந்து ஒரு மணி மட்டும் அடித்து வைத்துவிடுவார். எடுக்காத அழைப்புக்குக் காசு திரும்பி வந்துவிடும்; இங்கே அண்ணனுக்கு வேன் கிளம்பிவிட்டது என்று தெரிந்துவிடும். சுவிட்ச் வந்த பிறகு அந்த மணி கேட்கவே இல்லை. எக்ஸ்சேஞ்ச் மணியைச் சுவிட்ச் தனக்குள் விழுங்கிவிடுகிறது; தரம் பிரித்த பிறகுதான் கூடத்தில் அடிக்கிறது. ஓட்டுநர் சற்றுத் தாமதித்து வைத்தால், சுவிட்ச் எடுத்துவிடும், நாணயம் உள்ளே விழுந்துவிடும். மூன்று நான்கு ரூபாய் இழந்தபிறகு அவர் அண்ணனிடம் கோபித்துக்கொண்டார், நியாயமாகவே.

எடுத்த கணத்திலிருந்து அழைத்தவருக்குக் கட்டணம் ஓடுகிறது என்பது ஃபேக்ஸ் சுவிட்சின் பிறவிக் குணம். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் வெளியூரிலிருந்து எஸ்.டி.டி.யில் அழைத்த உறவினரும் அன்று பொய் மணியைக் கேட்டுக்கொண்டே பணம் கட்டினார். அடிக்கடி வெளியூர் அழைப்பு வந்த வீட்டில் நான் இந்தப் பெட்டியைப் பரிந்துரைக்கத் தயங்கியது இதனால்தான்.

தீர்வு மலிவாக அமைந்தது. ரொசெட்டுக்கும் சுவிட்சுக்கும் இடையில் ஒரு தனி மணிப்பெட்டியைப் பொருத்தினேன். அது அடிக்க மட்டும்தான் செய்யும். லைனை எடுக்காது என்பதால் சுவிட்சைத் தொந்தரவு செய்யாது. சுவிட்சை மூன்றாவது மணியில் எடுக்கும்படி தள்ளி வைத்தேன். நேரக் கணக்கில் அதற்கு இன்னும் இடம் இருந்தது. இப்போது கூடத்தில் மணிப்பெட்டி ஒரே ஒரு இரட்டை மணி அடித்து நின்றால் வேன் கிளம்பிவிட்டது. மணிப்பெட்டி மூன்று முறை அடித்து, பிறகு போனும் அடித்தால் மனிதர். மணிப்பெட்டி அடித்து அதற்குப்பின் போன் அமைதியாக இருந்தால் ஃபேக்ஸ். ஆத்தா இந்தக் கணக்கை எல்லோருக்கும் முன்பாகப் பிடித்துக்கொண்டார்.

பொய் மணியும் பேய் மணியும்

அமெரிக்க மணியோசை வேறு தொல்லை கொடுத்தது. அழைப்பவர் முதலில் நம்முடைய இரட்டை மணியைக் கேட்பார். சுவிட்ச் எடுத்ததும் திடீரென்று இரண்டு விநாடி நீளமான ஒற்றை ஓசை கேட்கும். ராங் நம்பர் என்று வைத்துவிட்டவர்கள் சிலர். பெட்டியில் இதை மாற்ற வழி இல்லை. அடிக்கடி பேசுகிறவர்களிடம் சொல்லி வைப்பதைத் தவிர வேறு மருந்தும் இல்லை.

அவர்கள் வைத்த பிறகும் கூடத்துப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் வெறும் எங்கேஜ் ஒலி. அமெரிக்க எக்ஸ்சேஞ்சுகளில் அழைத்தவர் வைத்ததும் லைன் மின்சாரம் ஒரு கணம் அறுந்து அதைத் தெரிவிக்கும். சுவிட்ச் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. இந்த வீட்டு லைனில் அப்படி அறுப்பு வரவில்லை, 400 ஹெர்ட்ஸில் முக்கால் விநாடி ஒலித்து முக்கால் விநாடி நிற்கும் எங்கேஜ் ஒலிதான் வந்தது. அதைப் பெட்டி அடையாளம் காணவில்லை. போனுக்கு அடிக்கும் அதிகபட்ச மணிகளைக் குறைத்து வைத்ததில், பேய் மணி சீக்கிரம் அடங்கியது.

பிற்பாடு

பிராட்பேண்ட் வந்தபோது வரிசை மட்டும் மாறியது: லைன், மணிப்பெட்டி, இணையத்தையும் பேச்சையும் பிரிக்கும் ஸ்பிளிட்டர், ஸ்பிளிட்டரின் போன் துளையிலிருந்து சுவிட்ச். மணிப்பெட்டியை ஸ்பிளிட்டருக்கு முன்னால் விட்டதால் இணைய வேகம் தள்ளாடியது, பிறகு அதையும் பின்னால் நகர்த்தினோம். 2008-க்குப் பிறகு மின்வெட்டு கடுமையானபோது, மின்சாரம் போனால் சுவிட்சின் ரிலே தானாக விழுந்து லைனைக் கூடத்துப் போனோடு நேரடியாக இணைத்துவிடும் என்பது உதவியாக இருந்தது. ஆனால் ஃபேக்ஸ் செத்துக் கிடக்கும். மெஷினையும் சுவிட்சையும் இன்வெர்ட்டரில் மாட்டினோம். சித்திரை இடிமழைக்கு மட்டும் எந்த ஏற்பாடும் போதவில்லை. தோப்பு வழியாக வரும் கம்பியில் மின்னல் பாய்ச்சலைத் தரைக்குத் திருப்பும் பாதுகாப்புக் குழாய் போட்டிருந்தும், வானம் கறுத்தால் லைனைப் பிடுங்கிவிடுவதே அந்த வீட்டு வழக்கம்.

அளவுப் பட்டியல் மின்னஞ்சலில் வர ஆரம்பித்தபிறகு சுவிட்சின் தேவை குறைந்தது. செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போட்ட வீடுகளில் இன்னமும் ஃபேக்ஸ் வைத்திருப்பவர்கள் என்னைக் கேட்கிறார்கள்: பழைய சுவிட்சை ஃபைபர் பெட்டியின் போன் துளையில் மாட்டலாமா? மாட்டலாம், அழைப்பொலி பெரும்பாலும் கடந்துவிடும். அதற்குப் பிறகு தாள் ஓடுவதுதான் சிரமம், ஏனென்றால் அங்கே ஒலி பொட்டலங்களாக வெட்டப்பட்டுப் போகிறது. பொட்டலங்கள் தவறினால் பக்கம் நடுவில் நின்றுவிடலாம். நிறுவனம் ஃபேக்ஸுக்கான டி.38 முறையைத் திறந்து வைத்திருக்கிறதா என்று கேளுங்கள், மெஷினின் வேகத்தை விநாடிக்கு 9600 பிட் அல்லது அதற்குக் கீழே இறக்குங்கள். பல ஃபைபர் பெட்டிகளில் போனுக்கு இரண்டு துளைகள் இருக்கின்றன. இரண்டாவதற்குத் தனி எண் வாங்க முடிந்தால், சுவிட்சைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.